நாலு கோடு காட்டுது, ஆனா வீடியோ சுத்துது: டவர் நமக்கு எப்படிப் பங்கு பிரிக்கிறது?

இரவு எட்டரை மணி. ஓஎம்ஆர் பக்கம் ஒரு பிஜி விடுதி. ஒரு அறையில் ஒருவர் வெளிநாட்டு கிளையன்ட்டுடன் வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார். பக்கத்து அறையில் கிரிக்கெட் மேட்ச் ஓடுகிறது. மூன்றாவது அறைக்காரர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவருடைய போன் சும்மா இருக்குமா? பின்னணியில் ஆப்களை வரிசையாக அப்டேட் செய்துகொண்டிருக்கிறது. மூவருக்கும் ஒரே நிறுவனத்தின் சிம், ஒரே டவர்.

திடீரென்று மீட்டிங்கில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. மேட்ச்சில் கடைசி ஓவர் நேரத்தில் வட்டம் சுற்றுகிறது. போனின் மேலே பார்த்தால் நாலு கோடும் முழுசாக நிற்கிறது. “சிக்னல் ஃபுல்லா இருக்கே, அப்புறம் என்ன?” என்று இருவரும் ஒரே நேரத்தில் புலம்புகிறார்கள். எந்தத் தடங்கலும் இல்லாமல் வேலை நடப்பது மூன்றாமவர் போனில்தான். அதை யாரும் பார்க்கக்கூட இல்லை.

தப்பு எங்கே? அந்தக் கோடுகள் டவரின் அலை உங்களிடம் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அதே டவரில் இன்னும் எத்தனை பேர் பங்குக்கு நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாது. பிரச்சினை அலையில் இல்லை. பங்கு பிரிப்பதில் இருக்கிறது.

யார் என்ன பார்க்கிறார்கள், யாருக்கு எது அவசரம் என்று தெரிந்து டவர் பங்கு பிரித்தால் எப்படி இருக்கும்? இதற்குத் தொழில்நுட்ப உலகம் வைத்திருக்கும் பெயர் ‘கன்டென்ட் அவேர் ரிசோர்ஸ் அலோகேஷன்’. தமிழில், உள்ளடக்கம் அறிந்து வளத்தைப் பங்கிடுவது. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே ஒரு வில்லங்கமும் இருக்கிறது.

காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது?

டவர் தன் அலைவரிசையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறது. 4ஜியில் ஒரு கட்டத்தின் அகலம் 180 கிலோஹெர்ட்ஸ். 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைத்திருக்கும் டவருக்கு இப்படி 100 கட்டங்கள் கிடைக்கும். எந்தக் கட்டம் யாருக்கு என்பதை ஒவ்வொரு மில்லி விநாடியும், அதாவது ஒரு விநாடிக்கு 1,000 முறை, டவருக்குள் இருக்கும் ‘ஷெட்யூலர்’ என்ற மென்பொருள் முடிவு செய்கிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள்தான் வாளியில் இருக்கும் சாம்பார். ஷெட்யூலர்தான் பரிமாறுபவர். வரிசையில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி என்று ஊற்றிக்கொண்டே போவது ஒரு வழி.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோருக்கும் ஒரு கரண்டி ஒரே அளவாக இருக்காது. டவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரே கட்டத்தில் நிறைய டேட்டா அனுப்ப முடியும். லிஃப்ட்டுக்குள்ளோ அடித்தளத்திலோ நிற்பவருக்கு அதே டேட்டாவைச் சேர்க்கப் பல கட்டங்கள் செலவாகும். மொத்த வேகத்தை மட்டும் பார்த்தால் டவர் பக்கத்தில் இருப்பவருக்கே எல்லாவற்றையும் ஊற்றிவிடலாம். ஆனால் ஓரத்தில் இருப்பவர் பட்டினி.

இதற்குக் கண்டுபிடித்த சமரசத்தின் பெயர் ‘புரொபோர்ஷனல் ஃபேர்’. இந்த நொடியில் உங்களுக்கு எவ்வளவு வேகம் சாத்தியம் என்பதை, இதுவரை உங்களுக்குக் கிடைத்த சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். விகிதம் யாருக்கு அதிகமோ அவருக்குக் கட்டம். ரொம்ப நேரமாகக் கிடைக்காதவருக்கு வாய்ப்பு தானாகவே கூடிவிடும். 2000ஆம் ஆண்டை ஒட்டி 3ஜி காலத்தில் பழக்கத்துக்கு வந்த இந்தச் சூத்திரத்தின் வழிவந்த முறைகள்தான் இன்றும் பரவலாக ஓடுகின்றன.

இது நியாயமானதுதான். ஆனால் ஒன்றை இது பார்ப்பதே இல்லை: இலையில் என்ன இருக்கிறது என்பதை.

எட்டு நிமிட தாமதம், யாருக்குத் தெரியும்?

நம்ம பிஜி விடுதிக்கே ஒரு கணக்குப் போடுவோம். அந்த நேரத்தில் இந்த மூவருக்கும் சேர்த்து டவரிடம் 6 எம்பிபிஎஸ் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டிங்குக்கு 1.5 போதும். மேட்ச் தெளிவாகத் தெரிய 3 வேண்டும். ஆப் அப்டேட்டுக்கு அளவே கிடையாது. கொடுத்த வரைக்கும் வாங்கிக்கொள்ளும். இறக்க வேண்டியது 300 எம்பி.

சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 2. மீட்டிங்குக்கு மிஞ்சும் 0.5ஐ மற்ற இருவருக்கும் பிரித்தால் மேட்ச்சுக்கு 2.25, அப்டேட்டுக்கு 2.25. மேட்ச் மங்கலாகிறது, இல்லை என்றால் நின்று நின்று ஓடுகிறது. அப்டேட் சுமார் 18 நிமிடத்தில் முடிகிறது.

இப்போது இலையைப் பார்த்துப் பரிமாறுவோம். மீட்டிங்குக்கு 1.5, மேட்ச்சுக்கு 3, மிச்சம் 1.5 அப்டேட்டுக்கு. மேட்ச் தெளிவாக ஓடுகிறது. அப்டேட் முடிய சுமார் 27 நிமிடம். எட்டு, ஒன்பது நிமிடம் தாமதம். போனின் சொந்தக்காரர் இன்னும் சாப்பிட்டே முடிக்கவில்லை!

டவரின் வேகம் ஒரு துளி கூடவில்லை. புது அலைவரிசை வாங்கவில்லை. ஆனால் ஒருவரின் அனுபவம் மேம்பட்டது. யாருக்கும் நஷ்டம் உறைக்கவில்லை. இந்தத் துறையில் இப்போது வேகத்தை விட ‘க்யூஓஈ’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பயனர் அனுபவத் தரத்தை அளக்க வேண்டும் என்று பேசுவது இதனால்தான்.

இதில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் போனில் ஓடுகிறது

ஒரு அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கூட்டமான இடத்தில் வாட்ஸ்அப் கால் ரோபோ குரலில் கேட்கும். கட் பண்ணிவிட்டு சாதாரண கால் போட்டால் பளிச்சென்று கேட்கும். ஏன்?

4ஜியில் ‘வோல்ட்டி’ வழியாகப் போகும் சாதாரண காலுக்குத் தனிப் பாதை ஒதுக்கப்படுகிறது. 4ஜி விதிகளை வகுத்த 3ஜிபிபி அமைப்பு, ஒவ்வொரு வகை போக்குவரத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. குரலுக்கு எண் 1. அதன்படி குரல் பாக்கெட் 100 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். 100 பாக்கெட்டில் ஒன்று தொலைந்தாலும் பரவாயில்லை. இன்டர்நெட் டேட்டாவுக்குப் பொதுவாகக் கிடைப்பது எண் 9. அதற்கு 300 மில்லி விநாடி வரை அவகாசம் உண்டு. ஆனால் தொலையக்கூடியது 10 லட்சத்தில் ஒன்றுதான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குரலில் ஒரு பாக்கெட் தொலைந்தால் 20 மில்லி விநாடி ஒலி போகும்; காது அதைப் பொருட்படுத்தாது. ஆனால் லேட்டாக வந்தால் பேச்சே குழம்பிவிடும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆப் ஃபைல் இதற்கு நேர்மாறு. எவ்வளவு லேட்டானாலும் பரவாயில்லை, ஒரு எழுத்துகூடத் தொலையக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வரிசையில் நிற்க வைப்பது, ஆம்புலன்ஸையும் சிமென்ட் லாரியையும் ஒரே டோல்கேட் வரிசையில் நிறுத்துவது மாதிரி.

வாட்ஸ்அப் கால் என்ன ஆகிறது? அதுவும் குரல்தான். ஆனால் அது இன்டர்நெட் டேட்டாவாகப் போவதால், ஆப் அப்டேட்டும் ரீல்ஸும் நிற்கும் அதே எண் 9 வரிசையில் நிற்கிறது. அதே பேச்சு, அதே அவசரம், ஆனால் வேறு வரிசை. இந்த முரணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருவோம்.

எல்லா வீடியோவும் ஒன்றல்ல

குரல் சுலபம். வீடியோதான் பெரும் தீனிக்காரன். அதிலும் ஒரு வீடியோ மாதிரி இன்னொன்று இல்லை.

செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவது உதடும் கண்ணும்தான். கால்பந்து மைதானத்தில் புல், கூட்டம், பந்து என்று எல்லாமே ஓடுகிறது. முதலாவதைக் குறைந்த டேட்டாவில் அனுப்பினாலும் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். இரண்டாவதை அப்படி அனுப்பினால் பந்து எங்கே என்றே தெரியாது.

2015 டிசம்பர் வரை நெட்ஃப்ளிக்ஸ் எல்லாப் படங்களுக்கும் ஒரே ஏணியை வைத்திருந்தது: 235 கேபிபிஎஸ்ஸில் தொடங்கி 5,800 கேபிபிஎஸ் வரை. சாதாரணக் கார்ட்டூனுக்கும் அதே படிகள், அடிதடிப் படத்துக்கும் அதே படிகள். பிறகுதான் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஏணி போடும் முறைக்கு மாறியது. கார்ட்டூனுக்குக் குறைந்த டேட்டாவிலேயே முழுத் தெளிவு கிடைத்தது.

இது சர்வர் பக்கத்து உள்ளடக்க அறிவு. இதே அறிவு டவருக்கும் இருந்தால், கடைசி ஒரு எம்பிபிஎஸ்ஸை யாருக்குக் கொடுப்பது என்று கேள்வி வரும்போது, அது உண்மையில் வித்தியாசம் காட்டும் இடத்துக்குக் கொடுக்கலாம். ஏற்கெனவே தெளிவாக இருக்கும் வீடியோவுக்கு இன்னொரு கரண்டி ஊற்றுவதில் பயனில்லை.

இன்னொரு தகவலும் முக்கியம்: பஃபர். யூடியூப்பில் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஓடும் கோடு இருக்கிறதே, அதுதான். ஒருவர் போனில் இன்னும் 40 விநாடிக்கான வீடியோ சேர்ந்திருக்கிறது. இன்னொருவர் போனில் 2 விநாடிதான் மிச்சம். வட்டம் சுற்றப்போவது யாருக்கு? பரிமாறுபவர் முதலில் ஓட வேண்டியது காலி இலைக்குத்தானே. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் நெட்ஃப்ளிக்ஸ் பயனர்களிடம் சோதித்துப் பார்த்தபோது, பெரும்பாலும் பஃபரின் அளவைப் பார்த்தே வீடியோவின் தரத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டம் சுற்றுவது 10 முதல் 20 சதவீதம் வரை குறைவதைக் கண்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், பஃபர் நிலவரம் ஆப்புக்குத் தெரியும், டவருக்குத் தெரியாது. காற்றில் இருக்கும் நெரிசல் டவருக்குத் தெரியும், ஆப்புக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது மாதிரிதான்.

பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சரி, டவர் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா? ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பாக்கெட்டைத் திறந்து உள்ளே படிக்கும் கருவிகள் இருந்தன. இப்போது இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி என்கிரிப்ட் செய்யப்பட்டே போகிறது. 2021 மே மாதம் தரப்படுத்தப்பட்ட ‘குயிக்’ நெறிமுறை, முன்பு வெளியே தெரிந்த பல விவரங்களையும் சேர்த்து மூடிவிட்டது. நமக்கு இது நல்லது. நாம் என்ன பார்க்கிறோம் என்பது நிறுவனத்துக்குத் தெரியத் தேவையில்லை.

ஆகவே நெட்வொர்க் இப்போது ஊகிக்கிறது. சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் இரு பக்கமும் போனால், அது பேச்சு. சில விநாடிக்கு ஒருமுறை பெரிய மூட்டையாக இறங்கினால், அது வீடியோ. இடைவிடாமல் கொட்டினால், அது டவுன்லோட். கூரியர் பையைப் பிரிக்காமல், எடையையும் ஆட்டிப் பார்க்கும் சத்தத்தையும் வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வது மாதிரி.

ஊகம் தப்பினால்? பிரபலமான நாலு ஆப்களின் தாளம் நெட்வொர்க்குக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நேற்று கோவையிலோ மதுரையிலோ யாரோ தொடங்கிய புது மீட்டிங் ஆப்பின் தாளம் தெரியாது. அது ‘மற்றவை’ என்ற வரிசையில் போய் நிற்கும். “இந்த ஆப் சரியில்லப்பா” என்று நாம் அன்இன்ஸ்டால் செய்துவிடுவோம். தப்பு ஆப்பில் இல்லை என்பது நமக்கும் தெரியாது, அதைச் செய்தவருக்கும் தெரியாது.

யாருடைய அவசரம் அவசரம்?

வில்லங்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இலையைப் பார்த்துப் பரிமாறும் அதிகாரம் கொடுத்தால், முகத்தைப் பார்த்துப் பரிமாறவும் முடியும்.

இந்தியாவுக்கு இதில் அனுபவம் உண்டு. இன்டர்நெட் காலுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்போவதாக 2014 டிசம்பரில் ஏர்டெல் அறிவித்தது; எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டது. அடுத்த ஆண்டு லட்சக்கணக்கானவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் விதி கொண்டுவந்தது. ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம் இந்தியாவில் நின்றது இதனால்தான். 2018 ஜூலையில் மத்திய அரசு நெட் நியூட்ராலிட்டி கொள்கையை ஏற்றது: எந்த உள்ளடக்கத்தையும் முடக்கக் கூடாது, மெதுவாக்கக் கூடாது, எதற்கும் சிறப்பு வேகமும் தரக் கூடாது. நியாயமான நெரிசல் மேலாண்மைக்கும், சில சிறப்புச் சேவைகளுக்கும் மட்டும் விலக்கு.

2020 ஜூலையில் இன்னொரு கேள்வி வந்தது. அதிகக் கட்டணம் கட்டும் வாடிக்கையாளர்களுக்கு வேகத்தில் முன்னுரிமை என்று ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் திட்டங்களைக் கொண்டுவந்தன. மற்றவர்களின் சேவை இதனால் குறையாதா என்று கேட்டு டிராய் நிறுத்திவைக்கச் சொன்னது. விவகாரம் தீர்ப்பாயம் வரை போனது. கேள்வி எளிமையானது. வாளியில் இருப்பது ஒரே சாம்பார். ஒருவருக்கு இரண்டு கரண்டி என்றால், கடைசி இலைக்கு என்ன மிஞ்சும்?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வலுவான கதை இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாபெரும் காட்டுத்தீ. சாண்டா கிளாரா பகுதி தீயணைப்புத் துறையின் கட்டளை வாகனத்தில் இருந்த இன்டர்நெட் இணைப்பு டேட்டா வரம்பைத் தாண்டியதும், வெரைசான் நிறுவனம் வேகத்தைக் குறைத்துவிட்டது. வழக்கமான வேகத்தில் 200இல் ஒரு பங்குதான் கிடைத்தது என்று தீயணைப்புத் தலைவர் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் சொன்னார். வாடிக்கையாளர் சேவையில் நடந்த தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. தீயணைப்பு வண்டி அனுப்பும் வரைபடமும், யாரோ பார்க்கும் சினிமாவும் அந்த நெட்வொர்க்குக்கு ஒரே ஜிபி கணக்குதான்.

ஆக, கண்ணை மூடிக்கொண்டு பரிமாறினாலும் ஆபத்து; கண்ணைத் திறந்தாலும் ஆபத்து.

இப்போது அந்த வாட்ஸ்அப் காலுக்குத் திரும்புவோம். நிறுவனத்தின் சொந்தக் காலுக்குத் தனிப் பாதை, இன்னொருவரின் காலுக்குப் பொதுப் பாதை. அவசர எண்ணுக்குப் போகும் கால் அறுந்துவிடக் கூடாது என்பதால் முதலாவது நியாயம்தான். ஆனால் உள்ளடக்கம் அறிந்து பங்கிடுவது என்றால், எல்லாக் குரலும் குரல்தான் என்று நடத்த வேண்டாமா? வகையைப் பார்ப்பது வேறு, பிராண்டைப் பார்ப்பது வேறு. இந்த விவாதம் முழுவதும் நிற்பது அந்தக் கோட்டில்தான்.

முடிவு நம் கையில் வந்தால்?

நெட்வொர்க் ஊகிக்க வேண்டாம், நிறுவனம் முடிவு செய்யவும் வேண்டாம், எது அவசரம் என்று பயனரே சொல்லட்டும் என்பது மூன்றாவது வழி. இதே நோக்கத்தில் ‘நெட்வொர்க் குக்கீஸ்’ என்ற யோசனையை 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். “இப்போ எனக்கு மீட்டிங்தான் முக்கியம்” என்று நீங்கள் ஒரு ஆப்பைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலேயே அந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை கிடைக்கும். பெரிய நிறுவன ஆப், சின்ன ஆப் என்ற வித்தியாசமும் இருக்காது.

5ஜியில் இதற்கான கருவிகள் இன்னும் கூர்மையாகிவிட்டன. ‘நெட்வொர்க் ஸ்லைசிங்’ என்பது ஒரே டவரை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதம் உள்ள பல மெய்நிகர் நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது. இதற்கு முழுமையான 5ஜி மையக் கட்டமைப்பு வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபர் 1இல் 5ஜி தொடங்கியபோது ஜியோ அந்த ‘ஸ்டாண்ட்அலோன்’ வழியைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல் முதலில் 4ஜியின் முதுகில் ஏறி வரும் வழியில் தொடங்கியது. கருவி வந்துவிட்டது. அதை யார் கையில் கொடுப்பது, ஒரு ஸ்லைஸை விலைக்கு விற்கலாமா என்பதெல்லாம் பொறியாளர்கள் மட்டும் முடிவு செய்யும் விஷயமில்லை.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

டவர் செய்யாத பங்கீட்டை உங்கள் போனிலேயே கொஞ்சம் செய்ய முடியும்.

ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் இரண்டையும் ‘வைஃபையில் மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். நெரிசல் நேரத்தில் அவை உங்கள் சொந்த மீட்டிங்கோடுதான் முதலில் மோதும்.

மீட்டிங்கில் குரல் உடைந்தால் முதலில் கேமராவை நிறுத்துங்கள். குரலுக்குத் தேவைப்படுவது வீடியோவுக்குத் தேவைப்படுவதில் மிகச் சிறிய பங்குதான்.

போன் செட்டிங்கில் வோல்ட்டியும், வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமான விஷயம் பேச, கூட்டத்தில் வாட்ஸ்அப் காலை விட சாதாரண காலை நம்பலாம்.

சின்னத் திரையில் 1080பிக்கும் 480பிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாத வீடியோக்கள் ஏராளம். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, நெட்வொர்க் திணறாமல் இருக்க நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் உள்ளிட்ட தளங்கள் இந்தியாவில் மொபைல் டேட்டாவில் 480பிக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ள முடிவு செய்தன. வீடு முழுக்க அடைந்து கிடந்த அந்த நாட்களில் நாம் எல்லோரும் படம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அடுத்த முறை நாலு கோடு நிற்கும்போது வட்டம் சுற்றினால், டவரைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்த நொடியில் உங்கள் கட்டம் யாருக்கோ போயிருக்கிறது. அது பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். சார்ஜில் கிடக்கும், யாரும் பார்க்காத போனாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் விரும்புவோம். அந்த வித்தியாசத்தை யார் சொல்வது என்பதில்தான் சண்டையே.